பச்சைப் புள்ளி

சார், உங்கள் வாக்குமூலத் தாளில் எழுத்து ரொம்பப் பொடியாக இருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை, தொழில் பழக்கம். எழுத்து பொடியாக இருந்தால் வாசிக்கிறவர் முதல் பத்தியிலேயே களைத்துப்போவார். நேராகக் கீழே இறங்கிக் கையெழுத்துக்கு இடம் தேடுவார். நீங்கள் அந்த இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி வேறு போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். "வாசிச்சுப் பார்த்துட்டுப் போடுங்க" என்று நீங்கள் சொன்னது மரியாதைக்கு என்று தெரியும். ஆனால் இன்றைக்கு நான் வாசித்துவிட்டேன். என் மனைவி இப்படிச் செய்துகொண்டதற்கான காரணம் எதுவும் எனக்குத் தெரியாது என்று நடுவில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரி இருக்கும்வரை என்னால் கையெழுத்துப் போட முடியாது. உங்களுக்கு அவசரம் இல்லையென்றால் சொல்கிறேன்.

நான் செல்பேசி ஆப்களுக்கு வாசகம் எழுதுகிறவன். புதிதாக ஒரு ஆப்பைத் திறந்தால் மைக்கைத் தொடலாமா, இருப்பிடத்தைப் பார்க்கலாமா என்று ஒரு சின்னப் பெட்டி கேட்கிறதல்லவா, அந்தப் பெட்டி செல்பேசிக்காரர்களுடையது. அதில் நாங்கள் கை வைக்க முடியாது. அதற்கு முன்னால் எங்களுடைய திரை ஒன்று வரும். நிலா, மேகம், தூங்கும் பூனை என்று ஏதாவது படம், கீழே இரண்டு வரி, பெரிய பச்சைப் பொத்தான். அந்த இரண்டு வரிதான் என் பிழைப்பு. 'உங்கள் குரலைப் பதிவு செய்யலாமா' என்று கேட்டால் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். 'உங்கள் உறக்கத்தை நாங்கள் கவனித்துக்கொள்கிறோம்' என்று சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துவார்கள். இரண்டும் ஒரே விஷயந்தான். பொய் என்று ஒரு சொல்லைக்கூட நான் எழுதியதில்லை. அலுவலகத்தில் எனக்கு ஆமாஞ்சாமி என்று பெயர். நான் எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுவதால் இல்லை, ஊரையே ஆமாம் போட வைப்பதால்.

எங்களுடையது உறக்கத்துக்கான ஆப். தூங்கும்போது மூச்சையும் குறட்டையையும் கேட்டு, காலையில் எப்படித் தூங்கினீர்கள் என்று சொல்லும். கேட்டதை எழுத்தாக்கி, துண்டு துண்டாக வெட்டி வைத்துக்கொள்ளும். துண்டுகளில் சிலதை 'சேவையை மேம்படுத்த' எங்கள் ஆட்களும் கேட்பார்கள். விதிமுறைகளில் கடைசிக்கு முந்தின பத்தியில் அது தெளிவாக இருக்கிறது. அந்தப் பத்தியை எழுதியவனும் நான்தான், துண்டுகளைக் கேட்கிற ஆட்களில் ஒருவனும் நான்தான். யாரோ இருமுவது, யாரோ தூக்கத்தில் கணக்குச் சொல்வது, புருஷனும் பெண்டாட்டியும் போர்வைக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு சண்டை போடுவது. எல்லாரும் பச்சைப் பொத்தானை அழுத்தியவர்கள்.

என் மனைவி அதற்கு நேர்மாறு. கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. நாளெல்லாம் மற்றவர்களைக் கடைசி வரியை வாசிக்கச் சொல்லிச் சொல்லியே பழகியவள். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிற தாளைக்கூட விரித்து வைத்துப் படிப்பாள். நாங்கள் வாடகைக்கு வீடு பார்த்தபோது அவள் ஒப்பந்தத்தைப் படித்து முடிப்பதற்குள் வீட்டுக்காரர் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். எத்தனையோ நாள் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

எங்களுக்கு ஒரு பெண் குழந்தை. வாலு என்று கூப்பிடுவோம், பெயருக்கேற்ற பிள்ளை. பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருடமே அவளுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. அவசரமாக அறுவை செய்ய வேண்டும் என்றார்கள். சம்மதத் தாளைக் கொடுத்தார்கள். என் மனைவி வழக்கம்போல விரலை வரிக்குக் கீழே வைத்துப் படிக்க ஆரம்பித்தாள்.

"குழந்தை உள்ள கிடக்கு, நீ என்ன பரீட்சைக்கா படிக்கிற?" என்று கேட்டேன்.

"இருங்க, இந்தப் பக்கம் மட்டும்" என்றாள்.

நான் அவள் கையிலிருந்து பிடுங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். வாலு திரும்பி வரவில்லை. அந்தத் தாளை முழுக்கப் படித்திருந்தாலும் எதுவும் மாறியிருக்காது, டாக்டரே சொன்னார். என் மனைவி அவர் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினாள். அதற்குப் பிறகு என்னிடம் வாய் திறக்கவில்லை.

கோபித்துக்கொண்டு பேசாமல் இருப்பது வேறு. அது தெரிந்த விஷயம், சமாளிக்கலாம். இவள் தட்டை வைப்பாள், சாப்பிட்டு முடித்ததும் எடுப்பாள், ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வாள். கேட்டால் 'ம்'. வேலைக்கும் போகவில்லை. மனநல டாக்டர் ஒருவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார், அதைப் போட்டுக்கொண்டு பகலில் தூங்குவாள். "வீட்டுல பேசறாங்களா? மனசு விட்டு அழறாங்களா?" என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பெண்டாட்டி அழுகிறாளா என்று புருஷனுக்குத் தெரியவில்லை. அதை அவர் முன்னால் சொல்லும்போது எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

அதனால் அவள் செல்பேசியில் எங்கள் ஆப்பைப் போட்டேன். கடையில் கிடைப்பது ராத்திரி மட்டும் கேட்கும். அலுவலகத்தில் சோதனைக்கு வைத்திருந்தது பகலிலும் கேட்கும், யாராவது பேசினால் தானே விழித்துக்கொள்ளும். அதைப் போட்டேன். விதிமுறைகளுக்குச் சம்மதம் கொடுத்தது அவள் விரல்தான். இதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

முதல் துண்டு மறுநாள் மதியம் என் மேசைக்கு வந்தது. காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். துணி மடிக்கிற சத்தம். பிறகு அவள் குரல், பழைய குரல், எத்தனை காலம் கழித்து. "வாலு, சாப்பிட்டியா கண்ணு? தலை வாரிக்கிட்டியா?" அவ்வளவுதான். நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவள் பேசுகிறாள் என்கிற சந்தோஷத்தில்தான் அழுதேன், வேறெதற்கும் இல்லை.

தினமும் மதியம் பேசினாள். நான் வேலைக்குப் போனதும் குழந்தையின் அலமாரியைத் திறந்து உட்கார்ந்துகொள்வாள் போலிருக்கிறது. ஒரு நாள், "உனக்கு அந்த மஞ்சத் திரைச்சீலை பிடிச்சிருந்துச்சு, நான்தான் அழுக்கு தெரியும்னு வாங்கலை" என்றாள். அன்று மாலை மஞ்சள் திரைச்சீலை வாங்கிக்கொண்டு போனேன். வேறு எதுவும் நினைக்கவில்லை, மனசு கேட்கவில்லை, வாங்கினேன். அவள் திரைச்சீலையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இது எப்படி உங்களுக்கு..."

"ஏதோ தோணிச்சு" என்றேன்.

மறுநாள் துண்டு சின்னதாக வந்தது. "வாலு, நீ நிஜமாவே கேக்குறியா? கேக்குறேன்னா அப்பாவை இன்னைக்குப் பேரிக்காய் வாங்கிட்டு வரச் சொல்லு பார்ப்போம்."

நான் வாங்கிக்கொண்டு போனேன். நீங்கள் என்றால் என்ன செய்திருப்பீர்கள்? பேரிக்காயைக் கையில் வாங்கியவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு சிரித்தாள். வெட்டித் தட்டில் வைத்தாள், அவளும் சாப்பிட்டாள். அன்றைக்கு அவள் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னியிருந்ததைக்கூட நான் மறக்கவில்லை. டாக்டரின் மாத்திரை செய்யாததைப் பேரிக்காய் செய்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மைக் திறந்திருந்தால் திரையின் மேல் ஓரத்தில் சின்னதாகப் பச்சைப் புள்ளி ஒன்று ஒளிரும். யாரோ கேட்கிறார்கள் என்று சொல்லத்தான் அதை வைத்திருக்கிறார்கள். அவள் கண்தான் கண்கொத்திப் பாம்பாயிற்றே, பார்த்துவிட்டாள். செல்பேசியை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள்.

"நீங்க ஃபோன்லயே வேலை பாக்குறவராச்சே, இது என்னங்க? நான் பேச ஆரம்பிச்சா வருது, நிறுத்தினா போயிடுது."

"ஏதாவது கோளாறா இருக்கும்" என்றேன்.

அதற்கப்புறம் வந்த துண்டுகளில் அவள் முதலில், "வந்துட்டியா?" என்பாள். யாரைக் கேட்கிறாள் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆனது. அந்தப் புள்ளியைத்தான் கேட்டிருக்கிறாள். செல்பேசியைக் குழந்தையின் தலையணையில் சாய்த்து வைத்து, கூப்பிட்டுப் பார்த்து, புள்ளி வந்த பிறகு மிச்சத்தைப் பேசியிருக்கிறாள். புரிந்த அன்றே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவள் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள், அரை நாள். கண்ணாடிக் கடைக்காரர் என்னை வழியில் பார்த்து, "தங்கச்சி பழைய ஆளா ஆயிட்டாங்க, கூட்டமே அவங்களைத்தான் தேடுது" என்றார். நன்றாக இருக்கிற ஒருத்தியின் கையிலிருந்து எதைப் பிடுங்குவது?

எனக்குக் கொஞ்சம் பொறாமையும் இருந்தது. மழையில் நனைந்து தேடி அலைந்து பேரிக்காய் வாங்கியவன் நான். அவள் நன்றி சொன்னது குழந்தைக்கு. என் தோளில் சாய்ந்துகொண்டு, "அவ நம்மளை விட்டுப் போகலைங்க" என்பாள். நானும் ஆமாம் என்பேன். ஊரை ஆமாம் போட வைத்தவன் வீட்டில் ஆமாம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது சொல்லப்போவது கொஞ்சம் சிரமமான விஷயம். ஒரு மதியம் அவள் குழந்தையிடம் ஆஸ்பத்திரித் தாளைப் பற்றிப் பேசினாள். "பாதிதான் படிச்சேன் கண்ணு. மிச்சத்துல என்ன எழுதியிருந்துச்சோன்னு தினம் நினைக்கிறேன். அப்பா மேல எனக்கு ஆத்திரம் போக மாட்டேங்குது. அப்பா பாவம்னும் தோணுது. நான் என்ன பண்றது? அப்பாவை மன்னிச்சுடவா? நீ சரின்னா இன்னைக்கு அப்பா நீலக் குடையோட வரட்டும்."

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஒரு மேகம் இல்லை. நான் நீலக் குடை வாங்கினேன். முதல் கடையில் கறுப்புதான் இருந்தது, அடுத்த கடைக்கும் போனேன், அங்கே கிடைத்தது. கதவைத் திறந்தவள் குடையைப் பார்த்ததும் என்னைக் கட்டிக்கொண்டு அப்படி அழுதாள். "எல்லாம் சரியாப் போச்சு, எல்லாம் சரியாப் போச்சு" என்று என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். வாலு போன பிறகு அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன். செத்துப்போன குழந்தையின் பெயரில் எனக்கு நானே மன்னிப்பு எழுதிக்கொண்டேன் என்று நீங்கள் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. குழந்தை இருந்திருந்தால் சரியென்றுதான் சொல்லியிருப்பாள், எனக்குத் தெரியும், என் பிள்ளை.

எதுவும் பழகிவிட்டால் கவனம் குறைந்துவிடுகிறது. ஆரம்பத்தில் ஒவ்வொரு துண்டையும் காதில் மாட்டிக்கொண்டு இரண்டு தடவை கேட்பேன். பிறகு கேட்பதை விட்டு, எழுத்தாக்கியதை மட்டும் படித்தேன். பிறகு அதிலும் முதல் இரண்டு வரி. திரையில் இரண்டு வரிதான் தெரியும், அதற்குக் கீழே வெளிர் சாம்பல் நிறத்தில் 'மேலும்' என்று இருக்கும், அழுத்தினால் மிச்சம் விரியும். அந்த இடத்தில் அந்தச் சொல்லை அந்த நிறத்தில் வைத்தது நான்தான். யாரும் அழுத்த மாட்டார்கள் என்று சோதித்துப் பார்த்து வைத்தது. என்ன வாங்க வேண்டும் என்பது எப்போதும் முதல் இரண்டு வரியில் வந்துவிடும், அதனால் எனக்கும் அது போதுமாக இருந்தது.

அன்றைக்குப் புதிய ஆப்புக்கான கூட்டம் இருந்தது, எல்லாரும் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். நின்றபடியே பார்த்தேன். 'வாலு, அப்பா இன்னைக்கு சிவப்பு பலூன் வாங்கிட்டு வரட்டும். உன் பொறந்தநாளுக்கு வாங்கினோமே, அதே மாதிரி பெருசா.' எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மாலையில் பஸ்ஸில் பலூனைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எதிர்ச்சீட்டுப் பெண்மணி, "குழந்தைக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

கதவைத் திறந்ததும் அவள் பலூனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நூலை வாங்கிக்கொள்ளவில்லை.

"ஏங்க, ஒண்ணு கேப்பேன், நிஜத்தைச் சொல்லுங்க. இதை வாங்கணும்னு யாராவது உங்ககிட்ட சொன்னாங்களா? இல்ல, நீங்களாவே வாங்கினீங்களா?"

அவள் அப்படி ஒரு நாளும் கேட்டதில்லை. முகத்தைக் கூர்ந்து பார்த்துக் கேட்டாள், கடையில் கண் பரிசோதிக்கிற மாதிரி. இருந்தாலும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

"யாரு சொல்லப் போறாங்க? தோணிச்சு, வாங்கினேன்."

அவள் சிரித்தாள். நூலை வாங்கிக் குழந்தையின் கட்டிலில் கட்டினாள். ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொண்டே சாப்பிட்டோம். வீட்டுக்காரர் தூங்கிப்போன கதையைக்கூட அவள்தான் எடுத்தாள். காலையில் என் சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்ததைச் சரிசெய்து, "பார்த்துப் போங்க" என்றாள். மிச்சம் உங்களுக்குத் தெரியும். மதியம் நீங்கள்தான் எனக்கு ஃபோன் செய்தீர்கள்.

மூன்றாம் நாள் அலுவலகத்துக்குப் போனேன். துக்கம் விசாரித்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், போய்விட்டார்கள். என் திரையில் அந்த இரண்டு வரி அப்படியே இருந்தது. 'மேலும்' என்பதை அழுத்தினேன். உங்களிடம் சொல்வதற்காக மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறேன்.

'அப்பா கொண்டுவந்தா நீ என்னைக் கூப்பிடறேன்னு அர்த்தம், நான் வந்துடறேன். எனக்கு இங்க முடியலை கண்ணு. எல்லாரும் நல்லாயிட்டேன்னு சொல்றாங்க. உன்கூடப் பேசுற நேரம் நல்லாத்தான் இருக்கேன், அது முடிஞ்சதும் முடியலை. நான் வர வேண்டாம்னு நீ நினைச்சா அப்பா சும்மா வரட்டும், எதுவும் கொண்டுவர வேண்டாம். நான் இருந்துக்கறேன். அப்பாகூட இருந்துக்கறேன், சத்தியமா.'

எதுவும் கொண்டுவர வேண்டாம் என்றால் இருந்துகொள்கிறேன் என்றிருக்கிறாள், சார். ஊரில் எல்லாப் புருஷனும் மாலையில் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறான்.

ஆகவே அந்த வரியை அடித்துவிடுங்கள். காரணம் எனக்குத் தெரியும். இதில் என்ன குற்றம், எந்தப் பிரிவு என்றெல்லாம் எனக்குத் தெரியாது. எங்கள் அலுவலக வக்கீல் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வார். விதிமுறை இருக்கிறது, ஆட்கள் கேட்கலாம் என்று எழுதியிருக்கிறது, சம்மதம் பதிவாகியிருக்கிறது. அவள் செல்பேசி உங்களிடம்தான் இருக்கிறது, வேண்டுமானால் பார்த்துக்கொள்ளுங்கள், எல்லாம் முறையாக இருக்கும்.

அவள் எல்லாவற்றையும் வாசிப்பவள் என்றேன். பிறகு இதற்கு எப்படிச் சம்மதித்தாள் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். ஆப்பைப் போட்ட அன்று ஞாயிற்றுக்கிழமை மதியம். மாத்திரை போட்டுக்கொண்டு, ஒரு கையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தக் கையின் விரலை வைத்துச் செல்பேசியைத் திறந்தேன். பச்சைப் பொத்தானை என் விரலாலேயே அழுத்தியிருக்கலாம். ஆனால் அது ஏமாற்று வேலையாகப் பட்டது. அதனால் அவள் விரலையே எடுத்து வைத்தேன். முரட்டுத்தனம் எதுவும் இல்லை, நீங்கள் நம்ப வேண்டும். பாவம், அப்போதுதான் கண் அயர்ந்திருந்தாள், விழித்துவிடக் கூடாதே என்று மெதுவாகத்தான் அழுத்தினேன்.